உப்புக் காற்றில் குளிர்நீர்த் தொட்டி: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு எது பொருந்தும்?

குளிர்நீர்த் தொட்டி என்பது ஓர் ஆள் கழுத்தளவு மூழ்கி உட்காரும்படி செய்யப்பட்டு, நீரைப் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் தொட்டி. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கூடங்களில் மட்டும் இருந்த இது, சில ஆண்டுகளாக வீடுகளுக்கும் விற்கப்படுகிறது. சந்தையில் உள்ள தொட்டிகளும் அவற்றுக்கான பரிந்துரைகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே குளிர்காலத்தில் குழாயைத் திறந்தாலே பத்து டிகிரிக்கும் கீழான நீர் கொட்டும். அதைப் பிடித்து வைக்க ஒரு கொள்கலம் இருந்தால் போதும். இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் அப்படிப்பட்ட நீர் மார்கழியிலும் கிடையாது. எனவே இங்கே தொட்டி வாங்குபவர் உண்மையில் வாங்குவது குளிரைத்தான். தொட்டியின் வடிவமும் அழகும் அதற்குப் பிறகு வருபவை.

பாம்பன் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியது. கிணற்று நீரும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அந்த வெப்பநிலையிலேயே இருக்கும். இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் வாளி வாளியாக நீர் இறைத்து ஊற்றும்போது உடல் சிலிர்ப்பது உண்மை. ஆனால் அந்தச் சிலிர்ப்பில் நீரின் பங்கைவிட, நனைந்த உடம்பில் படும் கடற்காற்றின் பங்கு பெரிது. கடலும் குளிர்ந்ததல்ல. மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். 2010, 2016 ஆண்டுகளில் இங்குள்ள பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறியதற்கு அந்த வெப்பமே காரணம். மண்பானை நீரைக் குளிர்விக்கும் முறையும் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். ஆவியாதலால் நீர் எவ்வளவு குளிரும் என்பது காற்றின் வறட்சியைப் பொறுத்தது. கடற்கரைக் காற்றோ ஈரம் நிறைந்தது. அதனால் பெரும்பாலான மாதங்களில் நீரை 24, 25 டிகிரிக்குக் கீழே அந்த வழியில் இறக்க முடியாது. அதற்கும் கீழே போக ஐஸ் வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் வேண்டும்.

எவ்வளவு குளிர் தேவை என்பது தொட்டி எதற்காக என்பதைப் பொறுத்தது. உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைக் குறைப்பதே இதற்குச் சொல்லப்படும் முதல் பயன். 17 சிறிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, வெறுமனே ஓய்வெடுப்பதைவிடக் குளிர்நீரில் மூழ்குவது வலியைக் குறைக்கிறது என்று கண்டது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி நீரையே பயன்படுத்தின. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எடைதூக்கும் பயிற்சி முடிந்த கையோடு பத்து நிமிடம் 10 டிகிரி நீரில் உட்கார்ந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரங்களில் தசை வளர்ச்சி குறைவாக இருந்ததை 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உடம்பை வளர்ப்பதற்காகப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் வாங்கும் முன் இதைக் கருத வேண்டும். நோய் எதிர்ப்பைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய வாக்குறுதிகளுக்கு ஆதாரம் மெலிந்தது. நெதர்லாந்தில் 3018 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்நீர்க் குளியலுக்குப் பழகியவர்கள் நோயென்று விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. நோயுற்றிருந்த நாட்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. அந்த ஆய்வு தொட்டியே இல்லாமல், குளியலறைத் தூவியின் கீழ் முப்பது முதல் தொண்ணூறு விநாடி நின்றவர்களைப் பற்றியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்தக் கரையில் பெரும்பாலோர் தேடுவது வெப்பத்திலிருந்து விடுதலை. அதற்குப் பத்து டிகிரி தேவையே இல்லை. அசையாமல் இருக்கும் உடல் ஏறத்தாழ 34 டிகிரிக்குக் கீழுள்ள எந்த நீரிலும் வெப்பத்தை இழக்கிறது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் 28 டிகிரி கடலில் மணிக்கணக்கில் இருந்துவிட்டுக் கரையேறும்போது குளிர்ந்து போயிருப்பது இதனால்தான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே வெயிலில் வேலை செய்து திரும்பியவருக்கு 20 முதல் 24 டிகிரி நீர் போதுமான ஆறுதல் தரும். வெப்பவாதம் தாக்கிய நிலை வேறு. அங்கே ஐஸ் கலந்த நீரில் உடலை மூழ்க வைப்பதே மிக விரைவான சிகிச்சை. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை 2024ஆம் ஆண்டுக் கோடையில் திறந்த வெப்பவாதப் பிரிவில் பீங்கான் தொட்டிகளும் ஐஸ் இயந்திரமும் வைக்கப்பட்டன. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வாலிநோக்கம் உப்பளங்களில் வெயிலில் உழைப்பவர்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் இப்படிப்பட்ட தொட்டிக்கு உரிய முதல் இடம் ஆரம்ப சுகாதார நிலையமே. வீட்டு முற்றம் அதற்கு அடுத்தது.

இன்னொரு பயனாளர் கூட்டம் நெடுந்தூரக் கடல் நீச்சல் வீரர்கள்; சிறியது, ஆனால் இந்த ஊருக்கே உரியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பாக் நீரிணையை மிகிர் சென் 1966இல் நீந்தினார். குற்றாலீசுவரன் 1994இல் அதை நீந்திவிட்டு அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். பாக் நீரிணை வெதுவெதுப்பான நீர். ஆங்கிலக் கால்வாய் கோடையிலும் 15 முதல் 18 டிகிரி. கால்வாய் நீந்த விரும்புவோர் 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்தித் தகுதி காட்ட வேண்டும். நீச்சலைத் தொட்டியில் பழக முடியாது. ஆனால் குளிர்நீரில் இறங்கிய முதல் நொடிகளில் வரும் மூச்சுத் திணறலைப் பழக்கத்தால் குறைக்க முடியும். மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை மூழ்கினாலே அந்த அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாகிறது என்று பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் மைக் டிப்டனின் ஆய்வுகள் காட்டுகின்றன. நீச்சல் வீரருக்கு 12 முதல் 15 டிகிரித் தொட்டி உண்மையாகவே தேவை.

இயற்கை மருத்துவத்தின் இடுப்புக் குளியல் தொட்டியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் லூயி கூனே பரப்பிய முறை இது. காந்தி தாமும் கையாண்டு, மகன் மணிலாலின் காய்ச்சலுக்கும் கையாண்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காலும் மார்பும் வெளியே இருக்க, இடுப்பு மட்டும் நனையும். இதற்கு அறுபது லிட்டருக்குள் நீர் போதும். குளிர்நீரின் அதிர்ச்சியும் முழு மூழ்கலைவிடக் குறைவு. விலை மலிவு, நீர்ச் செலவு குறைவு. பலருடைய தேவை இந்தத் தொட்டியிலேயே நிறைவேறிவிடும். ஆனால் புதிய சந்தை இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இனி கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. உருகிய நீர் மேலும் சூடேறும்போது இன்னும் சிறிது இழுக்கிறது. முழு மூழ்கல் தொட்டிக்கு 300 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், 29 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறக்க 27 கிலோ ஐஸ் வேண்டும். 15 டிகிரிக்கு 44 கிலோ, 10 டிகிரிக்கு 64 கிலோ, 5 டிகிரிக்கு 85 கிலோ. இவை இழப்பே இல்லாத கணக்கு. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். இடுப்புக் குளியலுக்கு 60 லிட்டரை 18 டிகிரிக்குக் கொண்டுவர ஏழு கிலோ போதும். உட்காருபவரின் உடல் ஐந்து நிமிடத்தில் நீருக்குத் தரும் வெப்பம் ஒரு கிலோ ஐஸுக்குள் அடங்கிவிடும். ஆக, ஐஸைத் தின்பது உடம்பு அல்ல. தொடக்க நீரின் சூடும், நாள் முழுவதும் சுற்றிலுமிருந்து உள்ளே வரும் சூடும்தான்.

அந்த இரண்டாவது சூட்டைத் தடுப்பது தொட்டியின் சுவர். வெறும் பிளாஸ்டிக் அல்லது தகட்டுச் சுவர் கொண்ட, மூடியில்லாத தொட்டியில் 15 டிகிரி நீர் நிழலிலும் மணிக்கு அரை முதல் ஒரு டிகிரி வீதம் ஏறும். காலையில் போட்ட ஐஸ் மாலைக்குள் வீணாகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் பாலியூரிதேன் (பி.யூ.எஃப்) நுரை அடைத்த சுவரும் அதே தடிமன் மூடியும் இருந்தால் ஒரு நாளில் இரண்டு டிகிரி அளவே ஏறும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் அம்சம் தொட்டியில் வேறொன்றும் இல்லை. கடையில் முதலில் கேட்க வேண்டியது சுவரின் தடிமன் எவ்வளவு, உள்ளே நுரை உண்டா, மூடியிலும் நுரை உண்டா என்பதே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வகைகள் எளிதில் பிரிந்துவிடும். காற்றடைக்கும் தொட்டிகள் மலிவானவை, மடித்து வைக்கலாம். ஆனால் கடற்கரை வெயிலில் புற ஊதாக் கதிரால் தையல்கள் விரைவில் விட்டுப்போகும், சுவரும் குளிரைக் காப்பதில்லை. 200 லிட்டர் நீலப் பேரல் எல்லா ஊரிலும் கிடைக்கும். குறுகலானது, விறைத்த உடலோடு அதிலிருந்து வெளியேறுவது கடினம். முன்பு என்ன இரசாயனம் அதில் வந்தது என்பது தெரியாவிட்டால் தொடவே கூடாது. கிணற்றடியில் ஏற்கெனவே இருக்கும் சிமெண்டுத் தொட்டியைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அரை டன் எடையுள்ள சிமெண்டுத் தொட்டி, தான் முழுதும் குளிர ஏறத்தாழ 100 லிட்டர் நீருக்கு ஆகும் ஐஸைக் குடித்துவிடும். பழைய டீப் ஃப்ரீசரைத் தொட்டியாக மாற்றும் வழக்கம் வெளிநாடுகளில் பரவியிருக்கிறது. நீர் நிரப்ப வடிவமைக்கப்படாத மின்கருவிக்குள் மனிதர் உட்காருவது உயிரோடு விளையாடுவது. மரத்தொட்டி அழகு. ஆனால் இந்தக் கரையின் நீண்ட வறட்சிக் காலத்தில் நீரில்லாமல் கிடந்தால் பலகை சுருங்கி ஒழுகும்.

பொருத்தமான கொள்கலம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மீன் இறங்குதளங்களில் காணும் நுரையடைத்த மீன்பெட்டிகளின் பெரிய வகைகள், இரட்டைப் பாலிஎத்திலீன் சுவருக்கு இடையே பி.யூ.எஃப் நிரப்பி, அடியில் வடிகால் துளையும் இறுக்கமான மூடியும் கொண்டவை. ஐஸை நாள்கணக்கில் காக்கவே செய்யப்பட்டவை. உப்பு அவற்றை அரிக்காது. தூக்கி எறிந்தாலும் தாங்கும். விசைப்படகுகளில் இத்தகைய பெட்டிகளைப் பயன்படுத்தக் கடல்சார் உற்பத்திப் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பிடா ஊக்கமும் அளித்துவந்திருக்கிறது. ஐந்நூறு லிட்டருக்கு மேற்பட்ட புதிய பெட்டி ஒன்று, குளிர்நீர்த் தொட்டி என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றைவிடத் தரமானது. மீன் வைத்த பழைய பெட்டி ஆகாது. கீறல்களில் புகுந்த கொழுப்பும் கிருமியும் எவ்வளவு கழுவினாலும் முழுதும் போகாது. இன்னொரு வழி, ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் அளவு சொல்லிச் செய்வது. நடுவில் நுரைப் பலகை வைத்து இருபுறமும் ஃபைபர் பூசும் வேலை அவர்களுக்குக் கைவந்தது. எந்த வகையானாலும் கொள்ளளவைப் பார்க்கும்போது, உட்காருபவரின் உடல் அறுபது எழுபது லிட்டர் நீரை இடம்பெயர்க்கும் என்பதையும் ஐஸ் உருகி நீர் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 300 லிட்டர் நீருக்கு 420 லிட்டராவது கொள்ளும் தொட்டி தேவை.

குளிரின் ஊற்று இரண்டு: ஐஸ் கம்பெனி, சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் இயந்திரம். மீன்பிடித் தொழிலுக்காக இயங்கும் ஐஸ் கம்பெனிகள் இந்தக் கரையில் நிறைய உண்டு. வாரம் ஒருமுறையோ இருமுறையோ மூழ்குபவருக்கு பார் ஐஸ் வாங்கி உடைத்துப் போடுவதே சிக்கனம். இதில் இரண்டு குறை. மீனுக்காக உறைய வைக்கும் ஐஸின் நீர் குடிநீர்த் தரத்தில் இருக்கும் என்று கொள்ள முடியாது. நேரே நீரில் கலக்காமல் தடித்த பையில் கட்டி மிதக்கவிடுவது நல்லது, குளிர்வது சற்றுத் தாமதமாகும். அடுத்தது, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்பதால் ஐஸுக்குத் தேவை விழுந்து உற்பத்தியும் சுருங்குகிறது. குளிர் மிகவும் வேண்டப்படும் கோடை உச்சமும் அதே இரண்டு மாதங்கள்தான்.

நாள்தோறும் பயன்படுத்துபவருக்குச் சில்லரே வழி. ஒரு குதிரைத்திறன் சில்லர் 300 லிட்டரை 29இலிருந்து 15 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டரை மணி நேரம் அளவில் எடுக்கும். மின்சாரம் இரண்டு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். கால் குதிரைத்திறன் சில்லர் அதே வேலைக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். நுரையில்லாத தொட்டியோடு சேர்ந்தால் கோடையில் அது 15 டிகிரியைத் தொடாமலும் போகலாம். ‘3 டிகிரி வரை குளிர்விக்கும்’ என்ற விளம்பரம் எந்தச் சுற்று வெப்பநிலையில் என்று கேட்டறிய வேண்டும். நன்கு மூடிய நுரைத் தொட்டியில், வடிகட்டிப் பம்பையும் சேர்த்து, நாளுக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்னும் தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இந்த ஒரு கருவியே அந்த அளவைத் தீர்த்துவிடக்கூடும்.

நீரைப் பற்றிய கேள்வி இம்மாவட்டத்தில் எளிதாகக் கடந்துபோகக் கூடியதல்ல. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. திருச்சி அருகே காவிரியிலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் வருகிறது; நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை அமைக்க வேண்டியிருந்தது; கடலோரக் கிராமங்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக நீர் எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஒரு தொட்டி நீர் ஐந்து பேரின் ஒரு நாள் பங்கைவிட அதிகம். குடிநீர்க் குழாயிலிருந்து தொட்டியை நிரப்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டுவதை நியாயப்படுத்த முடியாது. கிணற்று நீரே முறையானது, சற்று உவர்ப்பானாலும் குற்றமில்லை. வடிகட்டியும் குளோரினும் வைத்து அதே நீரைச் சில வாரம் ஓட்ட வேண்டும். நீச்சல்குள அளவுப்படி குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். 300 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டு கிராம் போதும். அதைக் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். உடம்பைக் கழுவிவிட்டு இறங்கினால் குளோரின் செலவு பெரிதும் குறையும்.

ஐஸ் மட்டும் பயன்படுத்துவோர் கொசுவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 15 டிகிரியில் கொசுப்புழு வளராது. ஆனால் ஐஸ் உருகி இரண்டு நாளில் நீர் 28 டிகிரிக்குத் திரும்பிவிட்டால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம் அதுவே. மலேரியாவோடு நெடுங்காலம் போராடிய தீவு இராமேசுவரம். மூடி ஒட்டிப் பொருந்தாத தொட்டியை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

உப்புக் காற்று அடுத்த எதிரி. பாம்பனும் மண்டபமும் நாட்டிலேயே உலோகம் மிக வேகமாக அரிக்கப்படும் இடங்களில் சேர்ந்தவை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் அரிமான ஆய்வு மையம் நடத்தியது இதனால்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் இடம்பெற்றதும் இதே காரணத்தால். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 304 வகை எஃகுத் தொட்டியில், உவர்நீரும் குளோரினும் சேர்ந்தால் சிறு சிறு குழிகள் விழும். எஃகுதான் வேண்டுமென்றால் 316 வகை. சில்லரில் நீர் ஓடும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும். வெளிக்காற்றுப் படும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளுக்குப் பூச்சு உண்டா என்று பார்க்க வேண்டும்; கடல் பக்கம் நேரே நோக்காமல் சுவர் மறைவில் வைத்து, மாதம் இருமுறை நன்னீரால் கழுவினால் அதன் ஆயுள் கூடும். எர்த் கம்பியும் இந்த மண்ணில் அரிக்கப்படும். அதன் மின்தடையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அத்துடன் 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் சில்லரை மாட்டக் கூடாது.

மொட்டைமாடியில் காற்று நன்றாக வரும் என்று அங்கே வைக்கத் தோன்றும். நீர், தொட்டி, ஆள் மூன்றும் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். அது ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில் அழுத்துகிறது. இந்திய தர நிர்ணயப்படி குடியிருப்பு அறைத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவுக்கும், ஏறிப் புழங்கும் மாடிகள் 150 கிலோவுக்கும் வடிவமைக்கப்படுகின்றன. எனவே தரைத்தளத்தில், வடக்குப் பக்க நிழலில், வடிகால் தென்னை மூட்டுக்குப் போகும்படி வைப்பதே முறை. குளோரின் அடங்க இரண்டு நாள் விட்டு நீரைத் திறந்துவிட்டால் அது மரத்துக்குக் கெடுதல் செய்யாது.

குளிர்நீரில் இறங்கிய முதல் நிமிடமே ஆபத்தானது. மூச்சு தன்னையறியாமல் வாரி இழுக்கும், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென உயரும். தலையை முக்கி மூச்சடக்கினால் இதயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு எதிர் ஆணைகள் போய்த் துடிப்புத் தாளம் தவறக்கூடும். இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், வலிப்பு, குளிரில் விரல் வெளுக்கும் நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் இறங்கக் கூடாது. நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் அத்தகையோர் பலர். புதியவர் 20 டிகிரியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல இறங்கி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது போதும். வெளியே வந்த பிறகும் பத்து இருபது நிமிடம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பதால் உடனே வண்டி ஓட்டக் கூடாது. தொட்டியின் விளிம்பு தொடை உயரத்துக்கு மேல் இருந்தால் பக்கத்தில் அசையாத படிக்கட்டும் பிடிமானமும் வேண்டும். விறைத்த கால் நம்ப முடியாதது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு இருக்க வேண்டும். தொட்டியில் ஒருவர் இருக்கும்போது கூப்பிடு தூரத்தில் இன்னொரு பெரியவர் இருந்தாக வேண்டும்.